பன்னிரண்டு மணி நேர டியூட்டி, குதிகால் வலி: எந்த ஷூ வாங்குவது?

கேள்வி: எனக்கு 33 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து புதுச்சேரி வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். காலை 8 முதல் இரவு 8 வரை டியூட்டி, மாதத்தில் ஒரு வாரம் நைட். பெரும்பாலும் பொது வார்டு, ஆள் குறைந்தால் லேபர் வார்டு, ஐசியூ. மூன்று மாதமாகக் காலையில் எழுந்து முதல் அடி வைத்தாலே வலது குதிகாலில் சுருக்கென்று குத்துகிறது. கொஞ்சம் நடந்தால் அடங்குகிறது, டியூட்டி முடியும் நேரத்தில் மறுபடி வருகிறது. எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருக்கிறது என்றார்கள். யூனிஃபார்முக்குக் கருப்பு கட் ஷூ. காலேஜ் காலத்திலிருந்து 5 நம்பர்தான். மகனுக்கு இரண்டு வயது. மெமரி ஃபோம் ஷூ வாங்கு என்று ஒருத்தி, க்ராக்ஸ் வாங்கு என்று இன்னொருத்தி. மாமியார் சூடான செங்கல் மேல் எருக்கிலை வைத்து மிதிக்கச் சொல்கிறார். ஆறாயிரம் ரூபாய் போட்டு நல்ல கம்பெனி ஷூ வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்:

சிஸ்டர், ஆறாயிரம் தேவைப்படாது. அந்தக் காசில் இரண்டு ஜோடி ஷூ, வீட்டுக்கு ஒரு செருப்பு, நாலைந்து ஜோடி சாக்ஸ் எல்லாம் வந்துவிடும். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

வலியைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்லக்கூடாது. ஆனாலும் ஒரு பிசியோதெரபிஸ்டாக நான் அதிகம் கேட்கும் கதைகளில் இது ஒன்று. காலையில் முதல் அடியில் குத்தி, நடக்க நடக்க அடங்கி, நாள் முழுக்க நின்ற பிறகு திரும்ப வந்தால் பெரும்பாலும் அது பிளான்டார் ஃபேசியைட்டிஸ். குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிப்பகுதி வரை பாதத்துக்குக் கீழே ஒரு கெட்டியான நார்ப்பட்டை ஓடுகிறது. குதிகாலோடு அது ஒட்டும் இடத்தில்தான் கோளாறு. ராத்திரி முழுக்கத் தளர்ந்து சுருங்கிக் கிடந்த பட்டை மேல் காலையில் உங்கள் மொத்த எடையும் ஒரே நேரத்தில் இறங்கும்போது சுருக்கென்று இழுக்கிறது. எக்ஸ்ரேயில் தெரிந்த முள்ளை மறந்துவிடுங்கள். குதிகால் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரே எடுத்தால் அதே முள் தெரியும். அது இருந்துவிட்டுப் போகட்டும், வலி அது இருக்கும்போதே போய்விடும்.

சரி, ஷூவுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி "காலேஜ் காலத்திலிருந்து 5 நம்பர்தான்" என்பது. பிரசவம் ஆன பெண்களில் பலருக்குப் பாதத்தின் வளைவு கொஞ்சம் இறங்கி, பாதம் நீளமும் அகலமும் ஆகிவிடுகிறது. குறிப்பாக முதல் பிரசவத்தில் இது நடக்கும், குழந்தை பிறந்த பிறகும் பழையபடி திரும்பாமல் போகலாம். ஜாக்கெட்டுக்கு ஒவ்வொரு முறையும் அளவு கொடுக்கிறோம், காலுக்கு மட்டும் இருபது வயதில் எடுத்த அளவையே கடைசி வரை சொல்கிறோம்.

இன்று டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனதும், கால் கழுவி உட்காருவதற்கு முன்னால், தரையில் ஒரு காலண்டர் தாளையோ பேப்பரையோ விரித்து அதன் மேல் நேராக நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டு வரைந்தால் அளவு தப்பும். எடை முழுக்கக் காலில் இருக்க வேண்டும். மகனைத் தவிர வேறு யாரையாவது கூப்பிட்டு, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதத்தையும் சுற்றி வரையச் சொல்லுங்கள். பிறகு இப்போது போடும் கட் ஷூவை எடுத்து அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். சுண்டுவிரல் பக்கமும் கட்டைவிரல் மூட்டுப் பக்கமும் பென்சில் கோடு ஷூவுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் என்று நினைக்கிறேன். அந்த வெளியே நிற்கும் பகுதியைத்தான் தினமும் பன்னிரண்டு மணி நேரம் உள்ளே திணித்து வைத்திருக்கிறீர்கள். இரண்டு பாதமும் ஒரே அளவில் இருக்காது, பெரியதற்குத்தான் ஷூ வாங்க வேண்டும். சிலருக்குக் கட்டைவிரலை விட அடுத்த விரல் நீளமாக இருக்கும், அவர்கள் அந்த விரலிலிருந்துதான் அளக்க வேண்டும். மிக நீளமான விரலுக்கு முன்னால் உங்கள் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும்.

அகலம்தான் நம் ஊரில் பெரிய தலைவலி. நாம் பயன்படுத்தும் நம்பர் எல்லாம் பிரிட்டிஷ் காலத்து அளவு. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. மேற்கத்தியர்களை விட நம் பாதம் அகலமானது என்று அதில் தெரியவந்தது, 'பா' என்ற பெயரில் இந்தியர்களுக்கென்று தனி அளவுமுறையும் உருவாக்கினார்கள். அது கடைக்கு வந்து உங்கள் காலில் ஏறும் வரை, பெண்கள் பகுதியில் எதுவும் அகலமாகக் கிடைக்கவில்லை என்றால் ஆண்கள் பகுதியில் போய் 5, 6 நம்பர் இருக்கிறதா என்று கேளுங்கள். அதே நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல் அகலம் கிடைக்கும், கருப்பில் சாதாரணமான மாடலும் அங்கேதான் அதிகம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும். அகலத்துக்காக நீளத்தில் இரண்டு நம்பர் ஏற்றி வாங்காதீர்கள், அப்புறம் குதிகால் உள்ளே ஏறி இறங்கிக் கொப்புளம் வரும்.

கட் ஷூ ஏன் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேச உங்களுக்கு உதவும். அதில் லேஸோ பட்டையோ கிடையாது. கால் மேல் எதுவும் பிடிக்காததால், ஒன்று அது இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லை என்றால் விழாமல் இருக்க விரல்களே மடங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க விரல் மடங்கினால் பாதத்தின் அடியில் இருக்கும் சின்னத் தசைகள் ஓய்வே இல்லாமல் வேலை பார்க்கும். அடிப்பகுதியும் சுத்தமாகத் தட்டை, அட்டை கனம்தான் இருக்கும். ஹீல் கூடாது என்று கேள்விப்பட்டு ஒரேயடியாகத் தட்டைக்குப் போய்விடுகிறோம். குதிகால் வலி உள்ளவர்களுக்கு முன்பாதத்தை விடக் குதிகால் ஒரு செ.மீ. அல்லது கொஞ்சம் கூட உயரமாக இருப்பது நல்லது. கெண்டைக்கால் தசையின் இழுப்பு குறையும்.

மெமரி ஃபோம் பற்றிக் கேட்டீர்கள். கடையில் காலை உள்ளே விட்டதும் "ஆஹா" என்று இருக்கும், அந்த "ஆஹா"வை நம்பித்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். மிருதுவாக இருப்பது முதல் அரை மணி நேரத்துக்கு இதம். நாலு மணி நேரம் நின்றதும் பஞ்சு அமுங்கி, அதற்குக் கீழே என்ன இருக்கிறதோ அதன் மேல்தான் நிற்கிறீர்கள். கூடவே, ரொம்ப மெத்தென்ற அடியில் கணுக்கால் உள்பக்கமாகச் சாயும், அதை நிமிர்த்திப் பிடிப்பதற்குத் தசைகள் மெனக்கெடும். மேலே இரண்டு மி.மீ. பஞ்சு இருந்தால் பரவாயில்லை, கீழே ஷூவின் அடிப்பகுதி கெட்டியாக இருக்க வேண்டும்.

அந்தக் கெட்டியைக் கையால் பார்த்துவிடலாம். ஷூவின் முனையையும் குதிகாலையும் இரண்டு கையால் பிடித்து மடக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில், அதாவது நாம் நடக்கும்போது பாதம் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் துணி பிழிவது போல முறுக்கிப் பாருங்கள், லேசாகத்தான் திரும்ப வேண்டும். பின்பக்கம் குதிகாலைச் சுற்றி இருக்கும் கிண்ணத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், நசுங்கக்கூடாது. கடைசியாக உள்ளே இருக்கும் இன்சோலை இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் நல்லது, பின்னால் உங்களுக்குத் தேவையானதை மாற்றி வைக்கலாம், கழுவிக் காயவைக்கலாம், நீங்கள் வரைந்த கோட்டின் மேல் வைத்து அகலத்தையும் அங்கேயே சரிபார்க்கலாம். இந்தச் சோதனையில் எல்லாம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஷூ தேறியதையும் ஏழாயிரம் ரூபாய் ஷூ தோற்றதையும் பார்த்திருக்கிறேன்.

க்ராக்ஸ் விஷயத்தில் உங்கள் தோழி சொல்வது பாதி சரி. அகலமாக இருக்கும், கழுவ வசதி, எடை இல்லை. ஆனால் மேலே ஓட்டை போட்ட மாடல் வார்டுக்கு ஆகாது. கை தவறி விழும் ஊசிக்கும், லேபர் வார்டில் தெறிக்கும் ரத்தத்துக்கும் அந்த ஓட்டைகளே வழி. மேலே முழுக்க மூடிய மாடலும் அதே கம்பெனியில் உண்டு. எதை வாங்கினாலும் பின்பட்டையைக் குதிகாலுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளுங்கள். ஸ்டைலாக முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டு நடந்தால் அதுவும் கட் ஷூ கணக்குதான். இதே காரணத்துக்காக வலைத்துணி மேல்பகுதி உள்ள ஸ்போர்ட்ஸ் ஷூவும் லேபர் வார்டுக்குச் சரிவராது. காற்றோட்டம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் விழுகிற எல்லாம் சாக்ஸ் வரை இறங்கும். துடைத்தால் கறை போய்விடும் சிந்தெட்டிக் லெதர், லேஸ் அல்லது வெல்க்ரோ, கருப்பு. இன்சார்ஜிடம் "ஸ்போர்ட்ஸ் ஷூ போடலாமா" என்று கேட்டால் முடியாது என்பார்கள். "கருப்பு மூடிய ஷூ, வழுக்காத சோல்" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

வழுக்கல் என்றதும் சொல்ல வேண்டியது. காலை பத்து மணிக்கு ஃபினாயில் போட்டுத் துடைத்த வராண்டாவில் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு திரும்புவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோல் பிவிசியாக இருந்தால் நாள்பட நாள்பட இறுகி வழுக்கும், ரப்பர் சோலே பிடிக்கும். பெரிய பெரிய கட்டங்களை விட, தண்ணீர் பக்கவாட்டில் ஓடி வெளியேறும்படி நெருக்கமான சின்னக் கோடுகள் உள்ள அடிப்பாகம் நல்லது. அந்தக் கோடுகள் தேய்ந்து மழுங்கிவிட்டால் மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த ஷூ முடிந்தது.

ஐசியூவில் வேறு கதை. வாசலில் உங்கள் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, யார் யாரோ போட்ட ஹவாய் செருப்பில் ஏதோ ஒரு அளவில் காலை நுழைத்துக்கொண்டு போவீர்கள் அல்லவா, அங்கே பன்னிரண்டு மணி நேரம் போனால் நீங்கள் பார்த்துப் பார்த்து வாங்கிய ஷூ வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கும். அனுமதி கிடைத்தால், கழுவக்கூடிய, பின்பட்டையுள்ள மூடிய ஒரு ஜோடியைப் பெயர் எழுதி உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஜோடி என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் வியர்வை. நம் கடற்கரைப் புழுக்கத்தில் ஒரு நாள் போட்ட ஷூ மறுநாள் காலைக்குள் உள்ளே முழுக்கக் காயாது. ஈர ஷூவிலேயே திரும்பக் காலை விட்டால் விரல் இடுக்கில் பூஞ்சை, நாற்றம், தோல் ஊறிக் கொப்புளம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிப் போட்டால் உள்ளே இருக்கும் ஃபோமும் எழுந்து நிற்க நேரம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூரில் தெருவிலேயே முட்டளவு தண்ணீர் நிற்கும்போது டியூட்டி ஷூவைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். வெளியே ரப்பர் செருப்பு, ஷூ லாக்கரில். நனைந்துவிட்டால் இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே பேப்பரைக் கசக்கித் திணித்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் ஃபோம் சுருங்கிப் பசை விடும். சாக்ஸ் முழுப் பருத்தியாக வேண்டாம், ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பருத்தியோடு சிந்தெட்டிக் கலந்தது, குதிகாலும் முனையும் கொஞ்சம் தடித்தது போதும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஜோடி மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

நல்ல ஷூவாயிற்றே என்று பெட்டியில் வைத்துப் பாதுகாக்கவும் வேண்டாம். பாலியூரித்தேன் சோல் காற்றிலுள்ள ஈரத்தில் போடாமல் இருக்கும்போதே உள்ளுக்குள் சிதையும். இரண்டு வருஷம் பீரோவில் இருந்த ஷூவை யாரோ கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய், மண்டபத்துக்குள் நடந்த வழியெல்லாம் கருப்புத் துண்டுகளாக உதிர்த்த காட்சியை உங்கள் வீட்டிலும் யாராவது பார்த்திருப்பார்கள். எப்போது மாற்றுவது என்றால், ஓட்டப்பந்தயக்காரர்கள் ஒரு ஷூவுக்கு 500 முதல் 800 கிலோமீட்டர் என்று கணக்கு வைப்பார்கள். ஒரு ஷிப்டில் நீங்கள் ஐந்தாறு கிலோமீட்டர் நடப்பீர்கள் என்று வைத்தால் மாதம் 25 டியூட்டிக்கு 150 கிலோமீட்டர் வரை ஆகிறது. ஒரே ஜோடி என்றால் ஐந்து மாதத்திலேயே அதன் ஃபோம் களைத்துவிடும், இரண்டு ஜோடி என்றால் ஒரு வருஷத்துக்கு நெருங்கலாம். ஷூவை மேஜை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

வாங்கும் நேரம் சாயங்காலம். டே டியூட்டி முடிந்த கையோடு நேரு வீதிக்குப் போனால் இன்னும் நல்லது, கால் அப்போதுதான் அதன் உண்மையான டியூட்டி அளவில் வீங்கி இருக்கும். டியூட்டி சாக்ஸைப் போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் மாட்டி, கடையில் விரித்திருக்கும் கம்பளத்தில் இல்லாமல் வெறும் டைல்ஸில் பத்து நிமிஷம் நடங்கள். "போடப் போட லூஸ் ஆயிடும்" என்பது ஷூ விற்பவர்கள் சொல்வது. கடையில் கடித்தால் வார்டிலும் கடிக்கும். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் விலை கம்மிதான், ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்று நிதானமாகப் போட்டுப் பார்க்க முடியாது, திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. ஆன்லைனில் வாங்கினால் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்த்து, சோல் அழுக்காவதற்கு முன் முடிவு செய்யுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் வலிக்கு இதுதான் பாதி வைத்தியம். பன்னிரண்டு மணி நேரம் டியூட்டி போக மிச்ச நேரத்தில் வீட்டில் மொசைக் தரையில் வெறுங்காலோடு நின்று சமைக்கிறீர்கள், குழந்தை பின்னால் ஓடுகிறீர்கள். நார்ப்பட்டை வலிக்கும் காலத்தில் கெட்டித் தரையில் வெறுங்கால் கூடாது. எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு ஒன்று வாங்கி வீட்டுக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலூரிலும் பக்கத்தில் இருக்கும் கரிகிரியிலும் டாக்டர் பால் பிராண்டும் அவர் குழுவினரும் உணர்ச்சி மரத்துப்போன தொழுநோயாளிகளின் பாதம் புண்ணாகாமல் காக்கப் பயன்படுத்திய அதே ரப்பர்தான் அது, சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதிக் கொடுப்பார்கள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், காலையில் முதல் அடியே அதில்தான். வீட்டுக்குள் செருப்பா என்று மாமியார் கேட்பார். தெருவுக்குப் போகாத புதுச் செருப்பு என்று சொல்லுங்கள், சாமி அறைக்கு முன் கழற்றிவிடுங்கள். அவர் சொல்லும் எருக்கிலை ஒத்தடத்தை மறுக்க வேண்டாம், சூடு இதமாகத்தான் இருக்கும். சர்க்கரை இருந்தால் மட்டும் வேண்டவே வேண்டாம், கால் வெந்தது தெரியாது. எருக்கம்பால் கண்ணுக்குள் போய்விடக்கூடாது, குழந்தை இருக்கும் வீடு.

அந்த முதல் அடிக்கு முன்னால் இன்னொன்று. கட்டிலில் உட்கார்ந்தபடியே வலது காலை இடது தொடை மேல் போட்டு, கால் விரல்களைக் கையால் பின்னோக்கி, முழங்கால் பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். இன்னொரு கையால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை கயிறு போல விறைத்து நிற்பது தெரியும். பத்து எண்ணும் வரை பிடித்து விட்டு, பத்து தடவை. இதை ஒரு நாளைக்கு மூன்று முறை. சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாய்ந்து கெண்டைக்காலை அரை நிமிஷம் இழுப்பதும் சேரட்டும், நோயாளிக்கு டிரிப் இறங்கி முடிகிற நேரத்தில் வார்டிலேயே செய்யலாம். ஷூவுக்குள் வைக்க மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ரெடிமேட் இன்சோலே பெரும்பாலானவர்களுக்குப் போதும், பல ஆயிரம் கொடுத்து அளவெடுத்துச் செய்ய அவசரம் இல்லை.

உட்காருங்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தையே திருத்தினார்கள், வார்டில் நிற்பவர்களைப் பற்றி யாரும் அவ்வளவு யோசிப்பதாகத் தெரியவில்லை. சார்ட் எழுதும் நேரமாவது ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நின்றே எழுதுவதை மரியாதை என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பிரச்சினை.

இதையெல்லாம் ஆறிலிருந்து எட்டு வாரம் விடாமல் செய்யுங்கள், மூன்று மாத வலி மூன்று நாளில் போகாது. அதற்குள் மரத்துப்போவதோ எரிச்சலோ வந்தால், ராத்திரி சும்மா படுத்திருக்கும்போதும் வலித்தால், குதிகாலை இரண்டு பக்கமும் அழுத்தினாலே உயிர் போனால், இரண்டு குதிகாலிலும் வலி வந்து காலையில் இடுப்பும் விறைத்துக்கொண்டால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே போக வேண்டும், அது ரத்தக் கட்டியாகவும் இருக்கலாம் என்பது உங்களுக்கே தெரியும். போகும்போது இப்போது போடும் கட் ஷூவைத் தூக்கிப் போடாமல் பையில் எடுத்துப் போங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பவருக்கு அது எக்ஸ்ரேயை விட உபயோகப்படும்.